ஃபார்மேட் போடும் முன்

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கை இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியாது. கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட இடமிருந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துவிடுங்கள்.

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் 4கே எடுத்தால் மணிக்குச் சுமார் 45 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டு முகூர்த்தம் தாண்டினால் பெரிசு. இதற்கு வி30 என்று வேகக் குறி போட்ட கார்டே போதும்; நொடிக்குக் குறைந்தது 30 எம்பி (மெகாபைட்) எழுதும், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் நமக்குத் தேவை 12.5தான். 400 எம்பிபிஎஸ் என்றால்தான் வி60. ஆல்பத்தோடு பென்டிரைவில் கொடுக்கப்போகும் வீடியோவுக்கு அது வீண் செலவு என்பேன்.

கோபியில் ஒரு மண்டபம். பந்தி அவசரத்தில், நிரம்பிய கார்டைக் காலி என்று நினைத்து ஃபார்மேட் போட்டு அழித்துவிட்டேன். ரெக்கவரியில் பாதிதான் கிடைத்தது. பெண்ணின் அப்பாவிடம் சொல்லப் போனபோது கால் நகரவில்லை. இப்போது நிரம்பிய கார்டின் ஓரத்தில் உள்ள லாக்கைத் தள்ளி, பெட்டியில் குப்புறக் கவிழ்த்து வைக்கிறேன்.

அப்புறம், கட்-பேஸ்ட் வேண்டவே வேண்டாம், காப்பிதான். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று வீட்டில். இரண்டிலும் கடைசி கிளிப்பை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள், அதையும் கேமராவிலேயே.