இயேசுவைப் பற்றிச் சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள்

மே மாதம் சேலத்திலிருந்து ஏற்காடு பேருந்தில் ஏறினால் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. கோடை விழா பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும் மலைக்கிராமத்து ஜனம் இன்னொரு பக்கம். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நெரிசலில், அடிவாரம் தாண்டியதும் ஒரு தம்பி எழுந்து இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதி கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு முன் இருக்கையில் இருந்த பெரியவர் ஒன்றை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துட்டு வரல தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார். தம்பி அதற்குள் மூன்று இருக்கை தாண்டிப் போயிருந்தார். பெரியவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பின்னால் இருந்த நான் பிறந்ததிலிருந்து சபைக்குப் போகிறவள். நானும் வாய் திறக்கவில்லை. மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. நேரத்துக்குக் குறைவே இல்லை.

"உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறது 1 பேதுரு 3:15. ஞாயிற்றுக்கிழமை இந்த வசனத்தை ஒப்பிக்கிறோம். ஆனால் அதில் வருகிற "விசாரித்துக் கேட்கிற" என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லவே நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் காதில் வாங்காததால் வருபவைதான். போதகர்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும் நான் இதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போய், சமைத்து, சீட்டுக் கட்டி, அக்கம்பக்கத்தோடு வாழ்கிற என்னைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்.

பேருந்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஓடுகிற வண்டியில் இருப்பவர் எழுந்து போக முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரும், நமக்குக் கீழே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரும் அப்படித்தான். விலகிப் போக வழியில்லாதவரிடம் பேசுவதைச் சாட்சி, அதாவது நம் விசுவாசத்தை எடுத்துச் சொல்வது, என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அது தொந்தரவு. கைப்பிரதி கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவதைவிட, ஒரு பெரியவருக்கு அதில் இருப்பதைப் படித்துக்காட்டுவது மேல்.

ஊருக்குப் புதிதாகச் சொல்கிறோம் என்ற நினைப்பு

இன்னொரு தவறு, எதிரில் இருப்பவர் இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று நினைத்துப் பேசுவது. இத்தாலியிலிருந்து வந்து மதுரையில் தங்கிய தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நொபிலி, 1623-இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலம் பக்கம் வந்தவர். லண்டன் மிஷன் என்கிற ஊழியச் சங்கம் 1827-இல் சேலத்தில் வேலை தொடங்கியது. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிருந்து இருக்கிறது. அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்தைத் தெரியாத சேலத்துக்காரர் யார்? உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சிஸ்டர்களிடம் படித்திருப்பார், கிறிஸ்துமஸ் கேக் தின்றிருப்பார். யாரோ ஒரு விசுவாசியிடம் சீட்டுப் பணத்தில் ஏமாந்தும் இருப்பார். அவர் மனதில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது. அது என்ன என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கினால் நாம் சொல்வது அந்தப் பழைய கணக்கில்தான் போய்ச் சேரும். "உங்களுக்குக் கிறிஸ்தவங்க பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். வருத்தமான கதை வந்தால் நம் ஆட்களுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

சபைக்குள் மட்டும் புரிகிற தமிழ்

என் கணவர் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். எவ்வளவு அவசர ஆர்டர் வந்தாலும் ஞாயிறு காலையில் போக மாட்டார். ஒரு நாள் உடன் வேலை பார்ப்பவர் ஏன் என்று கேட்டிருக்கிறார். "அபிஷேகத்துக்காகக் காத்திருக்கிற நேரம் அது" என்று இவர் சொல்ல, "எந்தக் கோயில்லங்க? பாலாபிஷேகமா?" என்று அவர் உண்மையான ஆர்வத்தோடு திருப்பிக் கேட்டாராம். சபையில் அபிஷேகம் என்றால் பரிசுத்த ஆவி நம்மேல் இறங்குவது. ஆனால் அவர் பேரில் எந்தப் பிழையும் இல்லை. தமிழ் பேசுகிற பெரும்பாலானவர்களுக்கு அபிஷேகம் என்றால் பாலும் தயிரும் மஞ்சள் நீரும் ஊற்றிச் செய்வதுதான்.

"உங்களைக் குறித்து எனக்கு ஒரு பாரம் இருக்கு" என்கிறோம். நம் காதுக்கு அது அன்பு. கேட்கிறவர் காதில், நீ எனக்குச் சுமை என்றுதான் விழும். "நான் உடைக்கப்பட்டேன்", "கர்த்தர் என்னை நடத்தினார்", "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" எல்லாமே இந்த வகைதான். இந்தச் சொற்கள் எனக்கு உயிர். ஜெபத்தில் இவை இல்லாமல் எனக்கு வாய் வராது. ஆனால் அது வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. தத்துவ போதகர் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுத்ததை என்னால் ஏற்க முடியாது. என்றாலும் ஒரு காரியத்தில் அவரை மதிக்கிறேன்: வேற்றுநாட்டில் பிறந்தவர், இங்கே ஜனங்கள் ஏற்கெனவே வைத்திருந்த வேதம், குரு, பூசை, அருள் போன்ற சொற்களைக் கற்று, அவற்றாலேயே பேசினார். இந்த மண்ணிலேயே பிறந்த நமக்கு அது கஷ்டமாக இருக்கக் கூடாது.

இப்போது என் கணவர் சொல்வது இதுதான்: "ஒரு காலத்துல குடிச்சுட்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரைக்கும் படுத்தே கிடப்பேன். அதுலேர்ந்து என்னை இயேசுதான் எழுப்பினார்னு நம்பறேன். அதுக்கு நன்றி சொல்லத்தான் போறேன்." அதற்குமேல் கேட்டால்தான் மேலே சொல்வார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்றவனும் இப்படித்தான் பேசினான். பெரிய விவாதத்துக்கு அவனை இழுத்தார்கள். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதால் சாட்சி குறைந்துபோகாது. நடந்ததைப் பெரிதாக்கிச் சொன்னால் குறைந்துபோகும். இயேசுவிடம் வந்தபின் கஷ்டமே இல்லை என்று சொல்லிவிட்டு, மறுவாரம் வட்டிக்குக் கடன் கேட்டு நின்றால் அதே ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்.

அக்கா கொண்டுவந்த கூழ்

ஆடி மாதத்தைப் பற்றிச் சேலத்தில் குகைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வேடிக்கைக்கு ஊரே திரளும், தெருவுக்குத் தெரு கூழ் காய்ச்சுவார்கள். கல்யாணமாகி அங்கே குடிபோன முதல் ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குப்போசி நிறையக் கூழும், தனியாக ஒரு கிண்ணத்தில் சின்ன வெங்காயமும் கொண்டுவந்தார். "விக்கிரகத்துக்குப் படைச்சதை நாங்க தொடமாட்டோம்" என்று வாசல்படியில் நின்றபடியே சொன்னேன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அக்கா, "சரி கண்ணு" என்றார். திறந்திருந்த போசியின் மூடியை மறுபடி அழுத்தி மூடினார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. விசுவாசத்துக்காக உறுதியாக நின்றேன் என்று அன்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதம் எங்களுக்குள் தண்ணீர் வருகிற நேரத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் நம் சபைகளுக்குள்ளேயே ஒரே வழக்கம் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 அதிகாரங்களில் இதை நீளமாகப் பேசுகிறார். அவர் திரும்பத் திரும்ப வருவது மற்றவருடைய மனச்சாட்சியிடம்தான். நான் இன்றும் வாங்குவதில்லை. சொல்கிற விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். அடுத்த ஆடிக்கு முன்னாலேயே அக்கா வீட்டுக்குப் போனேன். "போன வருஷம் நான் பேசினது தப்புக்கா. படைச்சதைச் சாப்பிடறதில்லைங்கறது எங்க வீட்டு வழக்கம். ஆனா உங்களை வாசல்லயே நிறுத்தினது என் தப்பு" என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, காப்பி கொடுத்தார். அந்த ஆடியில் அதே போசியோடு வந்தார். "இது படைக்கறதுக்கு முன்னாடியே உனக்குன்னு எடுத்து வெச்சது" என்றார். என் மனச்சாட்சிக்காக, தன் அம்மனுக்கு முன்பே எனக்கு ஒரு பங்கை எடுத்து வைத்திருந்தார். அன்றைக்குச் சாட்சி சொன்னது யார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மற்றவர்கள் கும்பிடுகிற தெய்வத்தை இழிவாகப் பேசுவது தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். எபேசு பட்டணத்தைப் பாருங்கள். தியானாள் என்ற தேவியின் கோயிலுக்குப் பேர்போன ஊர். பவுல் அங்கே இரண்டு வருடத்துக்கும் மேல் இருந்தார். கலகம் வந்தபோது அந்த ஊர் அதிகாரியே எழுந்து, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று கூட்டத்துக்குச் சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம்மைப் பற்றி நம் தெருவில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

நோயாளி பக்கத்தில்

இங்கேதான் உயிர்ச்சேதம் வரை போகிற தவறு நடக்கிறது. ஜெபம் செய்ய வந்தவர்கள், "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் அப்படித்தான் இன்சுலினை நிறுத்தினாள். மூன்றாம் நாள் மூச்சு வாங்கி, நினைவு தப்பி, தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோயாளிக்கு ஊசி நின்றால், உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். இரத்தத்தில் அமிலம் ஏறும். ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வரலாம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடலாம். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியன் என்று கொலோசெயர் நிருபமே சொல்கிறது. ஜெபியுங்கள், ஆனால் மருந்து விஷயத்தை டாக்டரிடம் விடுங்கள்.

ஜெபிப்பதற்கும் முதலில் கேட்க வேண்டும். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று நோயாளியிடமே கேளுங்கள், கூட இருப்பவரிடம் அல்ல. சரி என்றால் சின்னக் குரலில், சுருக்கமாக. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் தூக்கம் வேண்டும். வேண்டாம் என்றால் பிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடுவதை நாம் எல்லோரும் நிறுத்தியாக வேண்டும். கர்ப்பப்பை ஆபரேஷன், மகன் குடிப்பது, மருமகள் பிரிந்து போனது எல்லாம் பேரோடு ஊர் சுற்றுகின்றன. அவர் நம்மிடம் நம்பிச் சொன்னது அது.

உதவியும் குழந்தைகளும்

அரிசி கொடுத்து மதம் மாற்றுகிறவர்கள் என்ற ஏச்சு நம்மேல் இருக்கிறது. அது வலிக்கிற ஏச்சு. பதில் சொல்ல ஒரே வழி, கொடுப்பதில் எந்த நிபந்தனையும் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. மழையில் வீடு நனைந்தவருக்கு அரிசி கொடுக்கும் அன்று கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விடுமுறை வேதாகமப் பள்ளிக்குக் கூட்டிப்போவதானால், அங்கே என்ன சொல்லித் தருவோம் என்பதைப் பெற்றோரிடம் முழுதாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். பாட்டும் விளையாட்டும் மட்டும் என்று சொல்வது பொய்.

ஒருவர் ஞானஸ்நானம் வரை யோசித்தால் அரசுக் காகிதத்தில் வரும் மாற்றத்தையும் மறைக்கக் கூடாது. மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொல்லியிருக்கிறது. முடிவு எப்போதும் அவருடையதுதான். பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. கிறிஸ்தவராக மாறுகிறவர் அதை இழப்பார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். சேர்வராயன் மலையின் மலையாளி மக்களைப் போன்ற பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பிக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், அவர் நம்மிடம் முதலில் காண்பது ஒரு ஏமாற்றாகத்தான் இருக்கும்.

வேண்டாம் என்று சொன்னவர்

வருடக்கணக்காகப் பேசி, "எனக்கு இதுல மனசு இல்லைங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நம்மில் பலர் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறோம். அதுவரை காட்டிய அன்பெல்லாம் எதற்காக என்று அவருக்கு அன்றைக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் அப்பா இறந்தால் போய் நில்லுங்கள், பந்தலுக்கு நாற்காலி தூக்குங்கள். மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல அதே டப்பாவில் பலகாரம் போகட்டும், உள்ளே கைப்பிரதி வைக்காமல்.