வளர்த்த நாய் கடித்துவிட்டதா? முதல் நிமிடத்திலிருந்து செய்ய வேண்டியவை

எங்கள் ஜிம்மி சித்தப்பாவைக் கடித்தபோது அதற்கு எட்டு வயது. அதற்கு முன் யார் மேலும் பல் பட்டதில்லை. சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த நொடி அவர் கையில் இரண்டு ஓட்டை, ரத்தம். ஒருவர் நாயை அடிக்கக் கை ஓங்கினார், ஒருவர் கட்டுப்போடத் துணி தேடினார். நான் "ஒண்ணுமே பண்ணலியே, ஏன் கடிச்சுது?" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். காயத்தைக் கழுவ வேண்டும் என்று தோன்றுவதற்கே ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்த ஐந்து நிமிடம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

படி 1: நாயைத் தனி அறையில் விடுங்கள்

அடிக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். கடித்த நாய் அந்த நேரத்தில் பதற்றத்தின் உச்சியில் இருக்கும். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் உங்களையும் கடிக்கலாம். கதவைத் திறந்து வைத்து, சாதாரணக் குரலில் கூப்பிட்டு, உள்ளே போனதும் சாத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் வைத்தால் போதும். நாயின் கதையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கடிபட்டவர்தான் முக்கியம்.

படி 2: சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் காயத்தைக் காட்டி, சோப்பு நுரையால் மறுபடி மறுபடி கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 15 நிமிடம். ரேபீஸ் எனும் வெறிநாய்க்கடி நோயைத் தரும் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், உறை போனால் கிருமியும் செத்துவிடும். சாதாரண சோப்பே போதும்.

எரியும், கடிபட்டவர் கையை இழுத்துக்கொள்வார். சித்தப்பா "போதும்டா, விடு" என்று மூன்றாவது நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கழுவுங்கள். கழுவி முடித்ததும் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினிக் கரைசல் இருந்தால் தடவலாம். பொடி, எண்ணெய், பச்சிலை என்று எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். ரத்தம் நிற்காமல் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 3: அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்

"நம்ம நாய்தானே, ஊசியெல்லாம் போட்டிருக்கே" என்று பல வீடுகளில் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். தயவுசெய்து நிற்காதீர்கள். ரேபீஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம். கிருமி நரம்பு வழியாக மெதுவாகத்தான் மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வாரத்திலும் ஏறலாம். அது மூளையை எட்டுவதற்கு முன் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக வேண்டும். கடிபட்ட பிறகும் ஊசி வேலை செய்வது இதனால்தான். 1885-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்தர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குப் போட்ட ஊசியும் கடிபட்ட பிறகு போட்டதுதான்.

மருத்துவர்கள் காயத்தை மூன்று வகையாகப் பார்க்கிறார்கள். காயமே இல்லாத தோலில் நாய் நக்கியிருந்தால் முதல் வகை, கழுவினால் போதும். ரத்தம் வராத சிராய்ப்பு அல்லது கவ்வல் இரண்டாம் வகை, அதற்குத் தடுப்பூசி. தோலைக் கிழித்து ரத்தம் வந்திருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ வாய், கண் போன்ற ஈரமான இடத்திலோ எச்சில் பட்டிருந்தாலோ மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை அந்த இடத்திலேயே கிருமியை மடக்கி வைப்பது அந்த மருந்துதான். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். தடுப்பூசி முதல் நாள் போட்டால் முடிந்துவிடாது. அந்த நாளை 0 என்று வைத்து, 3, 7 ஆகிய நாட்களில் தொடரும். அதற்குப் பிறகு எத்தனை என்பது மருத்துவமனை பின்பற்றும் முறையைப் பொறுத்தது. தேதிகளைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் கேட்பார்கள். கையில் பட்ட கடியைச் சின்னது என்று விட்டுவிட வேண்டாம். கோரைப்பல் ஊசி மாதிரி உள்ளே இறங்கும், மேலே ஒரு புள்ளிதான் தெரியும், அடியில் மூட்டும் தசைநாரும் இருக்கும். மறுநாள் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ திரும்பவும் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில கடிகளுக்கு உடனே தையல் போடாமல் விடுவார்கள். அழுக்கை உள்ளே வைத்துத் தைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்வது, பயப்பட வேண்டாம்.

கடிபட்டவர் வெளியாள் என்றால் இன்னும் ஒன்று. நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே கொண்டுபோய்க் காட்டுங்கள். செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். "நீங்கதான் சீண்டியிருப்பீங்க" என்ற வார்த்தை மட்டும் வாயில் வர வேண்டாம். கடியைப் பற்றித் தகவல் கொடுக்க வேண்டும் என்று உங்கள் ஊரில் விதி இருந்தால், மறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.

படி 4: நாயை 10 நாள் கண்ணில் வைத்திருங்கள்

ரேபீஸ் வந்த நாயின் எச்சிலில், அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்துதான் கிருமி இருக்கும். அறிகுறி தெரிந்த பிறகு நாய் சில நாட்களுக்கு மேல் தாங்காது. அதனால் கடித்து 10 நாள் கழித்தும் நாய் உயிரோடு நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். மீதி ஊசிகளை நிறுத்தலாமா என்று மருத்துவர் அப்போது சொல்வார். ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது தவறு. ஊசி முதல் நாளே ஆரம்பித்துவிட வேண்டும், கவனிப்பது அதன்பாட்டுக்குப் பக்கத்தில் நடக்கட்டும்.

இந்த நாட்களில் நாயை வேறு வீட்டுக்கு அனுப்பாதீர்கள், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடவும் செய்யாதீர்கள். நாய் காணாமல் போனால் கடிபட்டவருக்கு அந்தப் பதில் கிடைக்கவே கிடைக்காது. ரேபீஸ் ஊசி தவறியிருந்தால்கூட இந்த 10 நாளுக்குள் போட வேண்டாம். ஊசியால் வரும் சோர்வையும் நோயின் அறிகுறியையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். குரல் மாறுவது, எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமல் திணறுவது, பின்னங்கால் தள்ளாடுவது, இருட்டில் போய் ஒடுங்குவது என்று எது தெரிந்தாலும் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

படி 5: நடந்ததை அன்றிரவே எழுதுங்கள்

இதை நான் மூன்றாவது நாள்தான் செய்தேன், அதற்குள் பாதி மறந்துவிட்டது. யார், எங்கே உட்கார்ந்திருந்தார், நாய் படுத்திருந்ததா, சாப்பிட்டுக்கொண்டிருந்ததா, கை எந்தப் பக்கமிருந்து வந்தது, கடிப்பதற்கு முன் அரை நிமிடம் நாய் என்ன செய்தது என்று எழுதுங்கள். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். எழுத உட்கார்ந்ததும்தான் எங்களுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சித்தப்பாவின் கை தலையிலிருந்து இடது காதுக்குப் போனது. ஜிம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாக்கால் மூக்கை நக்கியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. உடம்பு ஒரு கணம் கட்டைபோல நின்றது. கை மறுபடி காதைத் தொட்டது. அப்புறம்தான் கடித்தது. ஒன்றுமே பண்ணாத ஒருவரை அது கடிக்கவில்லை. "வேண்டாம்" என்று நான்கு முறை சொல்லிப் பார்த்திருக்கிறது.

கடி எவ்வளவு ஆழம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாய்ப் பயிற்சியாளர் இயன் டன்பார் வகுத்த ஆறு நிலை அளவுகோல் இதற்கு உதவும். பல் படாமல் காற்றைக் கடித்தால் முதல் நிலை. பல் பட்டும் தோலில் ஓட்டை விழவில்லை என்றால் இரண்டு. ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு ஓட்டை, எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டவில்லை என்றால் மூன்று. அதைத் தாண்டினாலோ கவ்வி உதறியிருந்தாலோ நான்கு. திரும்பத் திரும்ப ஆழமாகக் கடித்தால் ஐந்து, உயிர் போனால் ஆறு. மூன்று வரை என்றால், நாய் தன் வாயை ஓரளவு அடக்கிக்கொண்டிருக்கிறது, திருத்துவதற்கு இடமிருக்கிறது. நான்கிலிருந்து நிலைமை வேறு.

படி 6: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இதுவரை சாதுவாக இருந்த, வளர்ந்த நாய் திடீரென்று கடித்தால் வலியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பல், இடுப்பு மூட்டு, முதுகு, காது எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் மங்கிய நாயும் காது கேட்காத நாயும் தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும்.

ஜிம்மியின் இடது காது மடலை மருத்துவர் விரித்துக் காட்டினார். உள்ளே சிவந்து தடித்திருந்தது, காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு, புளித்த வாடை. அது சில வாரமாகவே தலையை உதறிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் பார்த்தோம், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படி 7: உறுமலை அடக்காதீர்கள்

நாய் கொட்டாவி விடும், உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், எழுந்து போகும். அதற்கும் யாரும் விடவில்லை என்றால் விறைத்து நிற்கும், உறுமும், காற்றைக் கடிக்கும். கடைசியில்தான் கடி. உறுமினால் அடி விழும் என்று நாய் கற்றுக்கொண்டால் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் வரும்.

அடித்துத் திருத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றைச் சொல்லுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைச் சிக்கலுக்காக நாயைக் கொண்டுவந்த உரிமையாளர்களிடம் கேட்டார்கள். நாயை அடித்தோ உதைத்தோ பார்த்ததாகச் சொன்னவர்களில் 43 சதவீதம் பேருக்கு நாய் எதிர்த்துச் சீறியிருந்தது.

படி 8: வீட்டை மாற்றுங்கள், மஸில் பழக்குங்கள்

எந்தச் சூழலில் கடித்ததோ அந்தச் சூழல் திரும்ப வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. சாப்பாட்டுத் தட்டருகே கடித்ததா, தனி இடத்தில் வையுங்கள். விருந்தாளி வந்தால் கடிக்கிறதா, மணி அடிப்பதற்கு முன் நாய் வேறு அறையில் இருக்கட்டும். குழந்தையையும் நாயையும், உங்கள் கை எட்டும் தூரத்தில் நீங்கள் இல்லாமல், ஒரே அறையில் விடவே வேண்டாம். எத்தனை செல்ல நாயாக இருந்தாலும் சரி.

மஸில் என்பது நாய் கடிக்காமல் இருக்க அதன் வாயில் மாட்டுவது. கூடை மாதிரி இருக்கும் மஸிலை வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டும் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பால்தான். வாயை இறுக்கும் துணிப் பட்டையைப் போட்டு நீண்ட நேரம் விட்டால் அதன் உயிருக்கே ஆபத்து.

பழக்கும் விதம் இது. மஸிலை ஒரு கிண்ணம் போலக் கையில் பிடித்து, அடியில் நாய்க்குப் பிடித்த தீனியை வையுங்கள். மூக்கை அதுவாக நுழைக்கட்டும், நீங்கள் முகத்தின் மேல் தள்ளக் கூடாது. பத்துத் தடவை, அதோடு அன்றைக்குப் போதும். சில நாளில் மஸிலைக் கண்டதும் வாலாட்டி ஓடிவரும். அப்புறம் மூக்கு உள்ளே இருக்கும்போது வாரைக் காதுக்குப் பின்னால் சும்மா தொட்டு எடுங்கள். அடுத்து மாட்டி உடனே கழற்றுங்கள். பிறகு ஐந்து நொடி, ஒரு நிமிடம் என்று கூட்டுங்கள். காலால் தள்ளினால் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி கீழே இறங்குங்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இதற்கு மேல் நடத்தை மருத்துவமோ பயிற்சியோ தேவைப்பட்டால், தின்னக் கொடுத்துப் பழக்குபவரைத் தேடுங்கள். சில வாரத்தில் சரியாகிவிடும் என்று உத்தரவாதம் கொடுப்பவரிடம் போக வேண்டாம்.

படி 9: வைத்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நான்காம் நிலையிலோ அதற்கு மேலோ கடித்த நாய், எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குழந்தையையே குறிவைக்கும் நாய் என்றால், மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வேறு வீட்டுக்குக் கொடுப்பதானால் கடித்ததை, ஆழத்தோடு, எழுத்தில் சொல்லிக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தால் அடுத்துக் கடிபடுபவருக்கு நீங்கள்தான் பொறுப்பு. எந்த வீட்டிலும் பாதுகாப்பாக வைக்க முடியாத நாய்க்கு, வலியில்லாமல் விடைகொடுக்க மருத்துவர் சொல்லவும் கூடும். அந்த முடிவை எடுத்தவர்களை யாரும் குறை சொல்லாதீர்கள்.

எங்களுக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் காதில் மருந்து விட்டோம். நான்காவது மாதம் சித்தப்பா வந்தார். அதே வாசற்படியில் உட்கார்ந்து, கையை நீட்டாமல் தன் முழங்காலிலேயே வைத்திருந்தார். ஜிம்மி மஸிலோடு போய் அவர் காலருகே நின்றது, கொஞ்சம் மோந்து பார்த்தது, அப்புறம் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. "தொடட்டுமாடா?" என்று கேட்டார். "இன்னிக்கு வேணாம் சித்தப்பா" என்றேன்.