புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா? உப்புநீர் மீன்களுக்கு ஒட்டுண்ணி சிகிச்சை

நீல டாங் மீனின் மேல் காலையில் உப்பு தூவினாற்போல் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் முப்பது, அதற்கடுத்த நாள் உடம்பு முழுக்க. பதறிப்போய் கையில் கிடைத்த ஒரு பாட்டிலைத் தொட்டியில் ஊற்றினேன், நாலாம் நாள் பார்த்தால் மீன் பளிச்சென்று நீந்துகிறது. மருந்து கேட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லாத குறைதான். பத்து நாள் கழித்துப் புள்ளிகள் திரும்பி வந்தன, இந்தத் தடவை டாங்கோடு நிற்கவில்லை. தொட்டியில் இருந்த ஏழு மீன்களில் ஐந்து அந்த வாரமே போய்விட்டன. நான் ஊற்றிய மருந்து முதல் தடவையும் எதையும் செய்திருக்கவில்லை, புள்ளிகள் தாமாகத்தான் உதிர்ந்திருக்கின்றன என்பது அப்புறம் படித்துத்தான் தெரிந்தது.

இந்த வெள்ளைப் புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. நன்னீர் மீன்களுக்கு வருவது வேறு உயிரி, பார்க்க மட்டும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் நன்னீர் தொட்டிக்காரர்களின் வைத்தியத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். நாம் பார்க்கும் புள்ளி என்பது மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுத்ததும் மீனைவிட்டு இறங்கும், பெரும்பாலும் இருட்டில். சில மணி நேரம் தரையில் ஊர்ந்துவிட்டுக் கல்லிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் அது பிரிந்து பிரிந்து பெருகி, ஒரு கூட்டிலிருந்து 200 குஞ்சுகள் வரைகூட வெளியே வரும். அவற்றுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

தோலுக்கு அடியில் இருப்பதை மருந்து தொடாது, கூட்டுக்குள் இருப்பதையும் காப்பர், அதாவது இதற்கு வழக்கமாக நீரில் கலக்கும் செம்பு மருந்து, தொடாது. நீரில் நீந்தும் அந்தக் குஞ்சுப் பருவத்தில்தான் அடிக்க முடியும். சிகிச்சை ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது என்பதற்கும், புள்ளி மறைந்த அன்று ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இனி செய்ய வேண்டியது. பவளமும் கல்லும் உள்ள ரீஃப் தொட்டியில் மருந்து ஊற்றக் கூடாது. காப்பர் பட்டால் இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும், கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது. புள்ளி உள்ள மீனை மட்டும் பிடித்துப் பிரயோசனமில்லை, செவுளுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. எல்லா மீனையும் வெளியே எடுத்து, சிகிச்சைக்கென்று வைத்த தனிமைத் தொட்டியில் விட வேண்டும். ஆமாம், கல்லை எல்லாம் தூக்கி வெளியே வைத்தாவது. இந்த இடத்தில்தான் பலர் சோம்பல்பட்டுப் பூண்டுச் சாறு, சுத்தம் செய்யும் இறால், யூவி விளக்கு என்று சுற்றிப் போவார்கள். பூண்டு மீனுக்குப் பசியைத் தூண்டினால் நல்லதுதான், ஒட்டுண்ணியை அது கொல்லாது. இறால் தோலுக்கடியில் இருப்பதைத் தோண்டி எடுக்காது. யூவி நீரில் மிதப்பதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

தனிமைத் தொட்டி ஆடம்பரமாக இருக்க வேண்டியதில்லை. வெறும் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள நாலு பிவிசி குழாய்த் துண்டு. மணல் வேண்டாம், கல் வேண்டாம், ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது இழுத்துவிடும். ஸ்பாஞ்சை நோயில்லாத ஒரு தொட்டியில் முன்கூட்டியே சில வாரம் ஊறவைத்திருந்தால் நல்ல பாக்டீரியா பிடித்திருக்கும். அப்படி இல்லையென்றால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அப்போது கைகொடுப்பது நீர் மாற்றுவது ஒன்றுதான். காப்பர் போட்ட தொட்டியில் அமோனியாவைக் கட்டும் மருந்தை ஊற்றிவிடாதீர்கள், சில வகைக் காப்பர் அதோடு சேர்ந்தால் மீனுக்கே விஷமாக மாறும். தொட்டிகளுக்கு நடுவே 3 மீட்டராவது இடைவெளி விடுங்கள், வலையும் வாளியும் தனித்தனி. ஏர் ஸ்டோன் தெறிக்கும் துளியிலேயே ஒட்டுண்ணி பக்கத்துத் தொட்டிக்குத் தாவும்.

காப்பரில் இரண்டு வகை. குப்ரமின் போன்ற சாதாரண வகைக்கு இலக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். காப்பர் பவர் போன்ற சீலேட் வகைக்கு (காப்பரை வேறொரு பொருளோடு பிணைத்துவைத்த வகை) 2 முதல் 2.5 வரை போக வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் குழப்பினால் ஒன்று மீன் சாகும், இல்லை ஒட்டுண்ணி பிழைக்கும், அதனால் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உங்களிடம் உள்ள டெஸ்ட் கிட் அந்த வகையை அளக்குமா என்றும் பாருங்கள். வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிப்பதைவிட ஹன்னா செக்கர் மாதிரி எண் காட்டும் கருவி எவ்வளவோ மேல். நான் பண்ணுவது இப்படி: முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, 12 மணி நேரம் விட்டு அளந்து பார்த்துக் கொஞ்சம், இரண்டு மூன்று நாளில் இலக்கை எட்டுவது. மீன் சாப்பிடுவதை நிறுத்தினால் அங்கேயே ஒரு நாள் நிறுத்திவைத்துப் பார்ப்பேன். இலக்கை எட்டிய நாளிலிருந்துதான் 30 நாள் கணக்கு, நடுவில் ஒரு நாள் அளவு கீழே இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து.

அளவு இறங்குவது எப்போது தெரியுமா, நீர் மாற்றும்போது. 80 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மாற்றினால், புதிய 20 லிட்டருக்கு மட்டும் கணக்குப் பார்த்து, அந்த வாளியிலேயே காப்பரைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு இது கிடையாது, நீர்தான் போயிருக்கிறது, காப்பரும் உப்பும் அங்கேயேதான் இருக்கின்றன, வெறும் நன்னீரை விட்டால் போதும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்துவிட்டால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தலையைச் சொறிய வேண்டாம்.

மாண்டரின், சில ராஸ் மீன்கள், பஃபர் மீன்கள் போன்றவற்றுக்குக் காப்பர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். திருக்கைக்கும் சுறாவுக்கும் காப்பர் பக்கமே போகாதீர்கள். மருந்து தாங்காத மீனுக்குத் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது: இரண்டு தொட்டி, 72 மணி நேரம் முடிவதற்குள் மீனைப் புதிய நீருள்ள தொட்டிக்கு மாற்று, பழையதைக் கொட்டிக் கழுவி முழுக்கக் காயவை, இப்படி நாலு தடவை. கூட்டிலிருந்து குஞ்சு வருவதற்கு எப்படியும் மூன்று நாள் ஆகும், அதற்குள் மீன் அங்கே இருக்காது. மருந்தே இல்லை, 12 நாளில் முடிந்துவிடும், ஆனால் ஒரு தடவை மறந்தாலும் வேலை வீண். உப்பின் அளவை, அதாவது நீரின் ஒப்படர்த்தியை, 1.009க்கு இறக்கி வைக்கும் முறையும் உண்டு. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம், இந்த ஒட்டுண்ணியில் சில வகை குறைந்த உப்பையும் தாங்கிக்கொள்வதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கையும் இல்லை.

இதெல்லாம் வெள்ளைப் புள்ளிக்கு. வெல்வெட் நோய் வேறு கதை, அதற்கு நேரமே கிடையாது. அதைத் தரும் ஒட்டுண்ணிக்கு அமைலோடினியம் என்று பெயர். உப்புக்கல் மாதிரி தனித்தனிப் புள்ளியாக இராது, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் மாவு தூவியதுபோல் மங்கலான பொன்னிறத் தூள் தெரியும். தூள் கண்ணில் படுவதற்கு முன்பே மீன் வேக வேகமாக மூச்சு வாங்கும், நீரைச் சுழற்றும் பம்பான பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்கும், வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். இரண்டு நாளில் தொட்டியே காலியாகிவிடக்கூடும். இங்கே காப்பரை மூன்று நாள் நிதானமாக ஏற்றிக்கொண்டிருக்க முடியாது, ஒரு நாளுக்குள் இலக்கைத் தொட வேண்டும். தொட்டி மாற்றுவதும் உப்பைக் குறைப்பதும் வெல்வெட்டுக்கு உதவாது.

க்ளௌன் மீனின் தோலிலிருந்து சளி, ஊறிய காகிதம்போல் உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் கேட்காது, ஃபார்மலின்தான். 37 சதவீத ஃபார்மலினை 10 லிட்டர் உப்புநீருக்கு 1.5 முதல் 2 மில்லி கலந்து, தனி வாளியில், காற்று நன்றாகக் குமிழியிட, 30 முதல் 45 நிமிடம். வாளியைவிட்டு நகராதீர்கள், மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். குளித்த மீன் பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது, சுத்தமான வேறு தொட்டிக்குத்தான். கையுறை கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும், அது மனிதருக்கும் புற்றுநோய் தரக்கூடிய பொருள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த பாட்டில் வேண்டாம்.

மீன் கல்லில் உரசுகிறது, தலையைச் சிலுப்புகிறது, கண் மங்கலாக இருக்கிறது, ஆனால் புள்ளியே இல்லை என்றால் தட்டைப்புழுவாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: அதே வெப்பநிலையிலும் அதே பிஎச்சிலும் உள்ள நன்னீரில் மீனை 5 நிமிடம் விடுங்கள், அடியில் கறுப்புத் தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மீன் மேல் கண்ணாடி மாதிரி இருந்து தெரியாமலிருந்த புழுக்கள் நன்னீர் பட்டதும் வெளுத்து, வெள்ளை எள் உதிர்வதுபோல் கீழே விழும். முதல் தடவை பார்த்தபோது அந்தச் சின்ன உடம்பில் இத்தனையா என்று எனக்குக் கொஞ்சம் குமட்டலாகவே இருந்தது. மருந்து பிராசிகுவான்டெல், லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். முட்டையை அது கொல்லாது, அதனால் ஒரு வாரத்தில் இன்னொரு தடவை. மருந்து போட்ட நாட்களில் நீரில் ஆக்ஸிஜன் குறையும், ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

வெள்ளைப் புள்ளிக்காக மீன்களை வெளியே எடுத்தபின் பெரிய தொட்டிக்கு என்ன செய்வது? ஒன்றும் வேண்டாம், மீன் இல்லாமல் சும்மா விடுங்கள். இறாலும் பவளமும் வழக்கம்போல் இருக்கட்டும், அவற்றுக்கு இது தொற்றாது. ஒரு கூட்டிலிருந்து 72 நாள் கழித்தும் குஞ்சு வெளிவந்ததாகப் பதிவு உண்டு, அதனால்தான் பலரும் 76 நாள் என்று வைத்துக்கொள்கிறார்கள். நீர் 27 டிகிரியில் இருந்தால் 6 வாரமே போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், நான் 76ஐத்தான் எண்ணுவேன், ஏழில் ஐந்தைப் பறிகொடுத்தவனுக்கு இன்னும் ஐந்து வாரம் பெரிதில்லை. இடையில் புதிதாக ஒரு நத்தையோ பவளமோ வாங்கிப் போட்டால், அதன் ஓட்டிலோ அடிக்கல்லிலோ கூடு ஒட்டிவந்திருக்கலாம், எண்ணிக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்கும்.

கடைசி நாள் மீன்களைத் திரும்ப விடும்போது தனிமைத் தொட்டி நீரைச் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், அதில் காப்பர் இருக்கிறது. முந்தின வாரமே கார்பன் போட்டு நீரை மாற்றி, கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, வலையில்கூட எடுக்காமல் ஒரு சின்ன டப்பாவில் மீனை மொண்டு, நீரை வடித்துவிட்டு மீனை மட்டும் உள்ளே விடுங்கள்.