டியூப் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

மயக்கவியல் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு எழுதுகிறேன்.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதற்காக, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் அலகு நாக்கின் அடியைத் தூக்கும்போது, மயக்கத்தில் இருக்கும் உடம்பும் திமிறுகிறது. அட்ரினலின் பொங்கி, நாடியும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. திடமான இளைஞருக்குச் சில நிமிடங்களில் அடங்கிவிடும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அந்தச் சில நிமிடங்களே ஆபத்து.

முதலாண்டில், மாரடைப்பிலிருந்து தேறிய ஒரு பெரியவருக்கு, இந்த எகிறலை அடக்கும் லிக்னோகைன் மருந்தைச் செலுத்திய கையோடு டியூப் போட்டேன். 82 ஆக இருந்த நாடி 138-க்கு ஏறியது. மானிட்டரில் எஸ்டி கோடு (இதயத்துக்கு இரத்தம் போதவில்லை என்றால் சரியும் இசிஜி பகுதி) சரிந்தபோது என் கை சில்லிட்டுப்போனது. மருந்தும் சரி, அளவும் சரி. அது வேலை செய்ய நான்தான் நேரம் கொடுக்கவில்லை. நல்லவேளை, கோடு மீண்டது.

இப்போது 60 கிலோ எடையுள்ள இரத்த அழுத்த நோயாளி என்றால் இப்படிச் செய்கிறேன். முதலில் வலி அடக்கும் ஃபெண்டனில், கிலோவுக்கு 2 மைக்ரோகிராம்: 120 மைக்ரோகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் உள்ள மருந்தில் 2.4 மில்லிலிட்டர். அது உச்சம் தொட மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஆகும். அதற்குள் ஆக்சிஜன் கொடுத்து முடித்துவிடலாம். பிறகு மயக்கத்துக்குப் புரோபஃபால், தசையைத் தளர்த்த வெக்குரோனியம். தசை முழுதும் தளர மூன்று நிமிடங்கள் வேண்டும். முகமூடியால் மூச்சுக் கொடுத்தபடியே, முதல் நிமிடம் கழிந்ததும் நாடியைக் குறைக்கும் எஸ்மோலால், கிலோவுக்கு 1 மில்லிகிராம்: 60 மில்லிகிராம், மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள மருந்தில் 6 மில்லிலிட்டர். மேலும் இரண்டு நிமிடங்கள் கழித்தே அலகைக் கையில் எடுப்பேன். எஸ்மோலாலை நான் நம்புவதற்குக் காரணம், இரத்தச் சிவப்பணுக்களின் நொதியே அதைச் சிதைத்துவிடுவதுதான். அரை ஆயுள், அதாவது உடம்பில் மருந்தின் அளவு பாதியாகும் நேரம், ஒன்பது நிமிடங்களே. லிக்னோகைன்தான் கையில் இருக்கிறதென்றால் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், மூன்று நிமிடங்கள் முன்னதாக.

எந்த மருந்து போட்டாலும் அலகு வாய்க்குள் 15 விநாடிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. நீண்ட தடவலை எந்த ஊசியும் ஈடுகட்டாது.

இரத்தம் இழந்து நாடி வேகமாக ஓடுபவருக்கு எஸ்மோலால் கூடவே கூடாது. அந்த ஓட்டம்தான் அவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே நாடி 60-க்குக் கீழ் இருப்பவர், இதய மின்கடத்தலில் அடைப்பு உள்ளவர், கடும் ஆஸ்துமாக்காரர் என்றாலும் தவிர்த்துவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு நாடி ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதே பெரிய பயம்.

இறங்கிய நாடியை ஏற்றும் அட்ரோபினை முன்கூட்டியே ஊசியில் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டி, வலக்கைப் பக்கம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்கட்டும்.