வேற்று நாட்டில் ஊழியம் செய்யப் புறப்படும் இளைஞருக்கு

வேற்று நாட்டில் மிஷனரியாகப் பணியாற்ற அழைப்பு உண்டென்று உணரும் இளைஞர், பயணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், தம்மை அனுப்புகிறவர்கள் யார், அங்கே ஏற்றுக்கொள்கிறவர்கள் யார் என்ற இரண்டையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பவுலும் பர்னபாவும்கூடத் தாங்களாகக் கிளம்பிவிடவில்லை. அந்தியோகியா சபையார் உபவாசித்து, ஜெபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே யாருடைய பொறுப்பின்கீழ் பணி செய்வீர்கள், மாதச் செலவுக்கு யார் தருவார்கள், நோய் வந்தால் மருத்துவச் செலவு யாருடையது, அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் பயணச் செலவை யார் ஏற்பார்கள் என்பவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. அந்த நாட்டுச் சபையிடமும் என்ன வேலைக்கு ஆள் தேவை என்று கேளுங்கள். அவர்கள் கேட்காத வேலையை நாமே முடிவு செய்து எடுத்துச் செல்வதால்தான் பல பணித்தளங்களில் மனக்கசப்பு தொடங்குகிறது.

விசா விஷயத்தில் சிறிதும் வளைந்துகொடுக்காதீர்கள். பல நாடுகள் மதப் பணியாளர்களுக்கென்று தனி விசா வைத்திருக்கின்றன. சில நாடுகளில் மதம் மாறும்படி பிறரைத் தூண்டுவதே சட்டப்படி குற்றம். சுற்றுலா விசாவில் நுழைந்து ஊழியம் செய்கிறவர் பிடிபட்டால் அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், ஆனால் அவருக்கு வீடு கொடுத்த குடும்பமும் அவரோடு ஜெபித்த விசுவாசிகளும் அங்கேயே இருந்து விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடவுச்சீட்டு பயண நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் எதிர்பார்க்கின்றன. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் அவசியம். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே அது செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

போய்ச் சேர்ந்தபின் முதல் வேலை மொழிதான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகியிருந்தது. அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813இல் தம் 24ஆம் வயதில் பர்மாவின் ரங்கூனுக்குச் சென்றார். அங்கே முதல் மனிதர் ஞானஸ்நானம் பெற்றது 1819இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் செய்தது பர்மிய மொழியைக் கற்றதும் அதில் எழுதியதுமே. அனுப்பிய சபைக்கு மாதந்தோறும் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்ற பதற்றத்தில், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு உடனே பிரசங்கிக்கத் தொடங்கும் இளைஞர்கள், ஆண்டுகள் கழிந்தும் பக்கத்து வீட்டாரின் துக்கத்தை விசாரிக்கும் அளவுக்குக்கூடப் பேச முடியாமல் நிற்கிறார்கள். நீண்டகாலப் பணியானால், முதல் ஆண்டை மொழிக்கென்றே ஒதுக்கித் தரும்படி அனுப்பும் சபையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய காலப் பணியானாலும் ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் ஆசிரியரிடம் படித்து, அன்று மாலையே தெருவில் அதைப் பேசிப் பாருங்கள்.

மொழியோடு மக்களின் நம்பிக்கைகளையும் அவர்கள் வாயிலிருந்தே கேட்டறிய வேண்டும். சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி 1713இல் முடித்த நூல், இப்படிப்பட்ட ஆய்வு மிஷனரியின் வேலையல்ல என்று ஐரோப்பாவில் இருந்தவர்கள் கருதியதால், 1867 வரை அச்சேறவில்லை. அவர்கள் நினைத்தது தவறு என்பதே என் உறுதியான எண்ணம். எதிரில் இருப்பவர் எதை அஞ்சுகிறார், எதை நேசிக்கிறார் என்று அறியாதவருடைய நற்செய்தி அவர் காதில் விழாது. சீனாவில் பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரி ஹட்சன் டெய்லர் 1855இல் சீன உடைக்கு மாறியபோது மற்ற ஐரோப்பியர் அவரை ஏளனம் செய்தார்கள், சீனரோ அவரை அருகில் விட்டார்கள். ஆனால் உடையை மாற்றினால் மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். எப்படி வணங்குவது, எதிர்பாலாரோடு எந்த அளவில் பேசுவது, முதியவர் முன் எப்போது அமர்வது என்பவற்றை, நம்பிக்கைக்குரிய ஓர் உள்ளூர் மூத்தவரிடம் கேளுங்கள். தவறினால் திருத்தும்படி அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். இயேசு சீஷர்களை இருவர் இருவராக அனுப்பினார். மார்மன் சபை என்று பலர் அறியும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை இன்றும் தன் இளம் மிஷனரிகளை இருவராகவே பணியில் வைக்கிறது. உபதேசத்தில் அவர்களோடு உடன்படாதவர்களும் இந்த ஒழுங்கை மதிக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் ஒரே ஆளோடு நாள் முழுவதும் வாழ்வது எளிதன்று. வாரம் ஒருமுறை இருவரும் அமர்ந்து, மனத்தில் தைத்ததை அன்றே பேசித் தீர்த்துவிட வேண்டும். அதை ஜெபக் குறிப்பாக மாற்றி வீட்டுக்கு எழுதக் கூடாது. புதுமை தீர்ந்த சில மாதங்களில் தனிமையும் சோர்வும் வரும். அது ஆவிக்குரிய தோல்வி அன்று. தூக்கம், ஓய்வுநாள், வீட்டாரோடு குறித்த நேரத்தில் உரையாடல் ஆகிய மூன்றையும் விடாமல் காத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பணம், படம், பிள்ளைகள் ஆகிய மூன்றிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உங்கள் கையிலிருந்து தனிப்பட்ட முறையில் பண உதவி செய்யாமல் உள்ளூர்ச் சபையின் வழியாகவே செய்யுங்கள். பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், வறுமையைக் காட்டி நிதி திரட்டாதீர்கள், எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள்.

குறித்த காலத்துக்கு முன்பே திரும்ப நேர்ந்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். மாற்கு எனப்பட்ட யோவான், பவுலோடும் பர்னபாவோடும் சென்ற ஊழியப் பயணத்தின் பாதி வழியில் எருசலேமுக்குத் திரும்பிப் போனார். பவுலுக்கு அது மிகவும் வருத்தம் தந்தது. ஆனால் அதே பவுல் பிற்காலத்தில், மாற்கு தமக்கு ஊழியத்தில் பயனுள்ளவர் என்று தீமோத்தேயுவுக்கு எழுதி அவரை அழைத்துவரச் சொன்னார். காலம் முடிந்து திரும்புகிறவர்களோ கடைசி மாதங்களில் புதிய வேலை எதையும் தொடங்காமல், தாங்கள் சந்தித்து வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளூர் விசுவாசி ஒருவரோடு சென்று பார்த்து, அவரிடம் ஒப்படைக்க வேண்டும். மீண்டும் வருவதாக உறுதியில்லாத வாக்கு எதையும் கொடுக்க வேண்டாம். ஊர் திரும்பியதும் சபைகளில் சாட்சி சொல்ல அழைப்புகள் வரும்; அவற்றை ஏற்பதற்கு முன் சில வாரங்கள் ஓய்வெடுத்து, அனுப்பியவர்களோடு அமர்ந்து, நடந்தவற்றை மறைக்காமல் பேசிவிடுங்கள்.