ஒன்பது நாள் கம்பெனியும் மூன்று சம பங்கும்

போன மாதம் கோவையில் ஒரு கல்லூரியின் இன்குபேஷன் மையத்தில் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இடம்) மூன்று பையன்களைப் பார்த்தேன். கம்பெனி பதிவு செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பங்கு எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். "ஈக்வல்தான் சார், நாங்க ஃபிரெண்ட்ஸ்." எட்டு வருடம் முன்னால் என் ஆடிட்டரிடம் நான் சொன்ன அதே பதில்.

சந்தையை விசாரிக்காமல் இறங்குவது, கணக்கு எழுதாமல் விடுவது பற்றியெல்லாம் உங்கள் மாமாவே சொல்லியிருப்பார். அதை விடுவோம். நண்பர்களாகச் சேர்ந்து கம்பெனி தொடங்குகிறவர்கள் செய்யும் வேறு நான்கு தவறுகளைப் பார்ப்போம்.

நிபந்தனை இல்லாத சம பங்கு

நாங்களும் மூன்று பேர். காய்கறியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப். ஒருவன் விடியற்காலை மூன்று மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் நின்று கொள்முதல் செய்வான். இன்னொருவன் கோட் எழுதுவான். விற்பனை என் பொறுப்பு. பதினான்கு மாதத்தில் மிஞ்சியது வாடிய கீரைதான். ஆனால் பில் போட நாங்கள் எழுதிய மென்பொருளை மண்டிக்காரர்கள் விலைக்குக் கேட்டார்கள். சரி என்று அதற்கே மாறிவிட்டோம்.

மாறிய அன்றே கொள்முதல்காரனுக்கு வேலை போய்விட்டது. மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அவன் வேறு வேலைக்குப் போனான். 33.33 சதவீதம் மட்டும் அப்படியே அவன் பெயரில் இருந்தது.

புது இன்வெஸ்டர் வந்தால் ஆர்டிக்கிள்ஸை, அதாவது கம்பெனியின் உள்விதிகளை, திருத்த வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. ஆதரவு ஓட்டு எதிர் ஓட்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சேர்ந்தாலே இரண்டு மடங்குதான். அவன் எதிர்த்தால் ஒரு வரி நகராது. வந்த இன்வெஸ்டர் கேப் டேபிளை (யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியல்) பார்த்து, "இந்த மூணாவது ஆள் எங்கே?" என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்.

அவன் பங்கை வாங்க, துடியலூரில் வாங்கிப் போட்டிருந்த என் மனை போனது. இன்றும் அந்தப் பக்கம் போனால் வயிறு எரிகிறது.

எங்கள் ஒப்பந்தத்தில் வெஸ்டிங் என்று, அதாவது வேலை செய்யும் காலத்துக்கு ஏற்பத்தான் பங்கு சொந்தமாகும் என்று, ஒரு பத்தி எழுதியிருந்தால் போதும். வழக்கமாக நான்கு வருடம். முதல் வருடத்துக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது, வருடம் முடிந்ததும் கால் பாகம் மொத்தமாகச் சேரும், அப்புறம் மாதத்துக்கு 48-ல் ஒரு பாகம் சேரும். பதினேழு மாதத்துக்கு அவனுக்குச் சேர வேண்டியது 12 சதவீதத்துக்கும் கீழே. பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, விலகினால் சேராத பாகத்தை முகமதிப்புக்கே (பங்கில் குறித்திருக்கும் அடிப்படை விலை) திருப்பி வாங்கும் உரிமையை எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தோடு நிற்காமல் ஆர்டிக்கிள்ஸிலும் ஏற்றுங்கள். பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு ஆர்டிக்கிள்ஸில் இல்லையென்றால் கம்பெனியைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது.

மூன்று பேரும் கோடர்

விற்பது யார்?

காசு தீர்ந்த பிறகு மாறுவது

அலுவலக அரட்டை ஆப்பான ஸ்லாக்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். கிளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டை 2012-ல் மூடிவிட்டு, தங்கள் வேலைக்காக எழுதி வைத்திருந்த அரட்டைக் கருவியை விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் விளையாட்டை மூடும்போது கையில் பணம் மிச்சமிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. நிறுவனர்கள் நால்வரும் ஏற்கெனவே பிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். அந்தப் பிளிக்கரும் ஒரு விளையாட்டிலிருந்து பிறந்ததுதான். இரண்டு மாத வாடகையை மட்டும் வைத்துக்கொண்டு மாறுகிறவர்கள் தங்களை அவர்களோடு ஒப்பிடக் கூடாது.

கூட்டாளியிடம் கடைசியாகச் சொல்வது

காய்கறியை விடப்போகிறோம் என்று நாங்கள் இருவரும் பேசி முடித்து மூன்று வாரம் கொள்முதல்காரனிடம் சொல்லவில்லை. சங்கடம். மண்டியில் ஒரு கமிஷன்காரர், "என்ன தம்பி, கடைய மூடறீங்களாமே?" என்று கேட்டுத்தான் அவனுக்குத் தெரிந்தது.