இரத்தக் கொதிப்பு: நரம்பையும் அழற்சியையும் வைத்து நாம் போடும் தப்புக் கணக்குகள்

உயர் இரத்த அழுத்தத்துக்கு நாம் வைத்திருக்கும் 'இரத்தக் கொதிப்பு' என்ற பெயரே பலரைத் தடம் மாற்றிவிடுகிறது. கோபக்காரருக்கும் படபடப்புக்காரருக்கும்தான் கொதிப்பு வரும் என்று எண்ணி, மனம் அமைதியாகவும் தலை பாரமின்றியும் இருக்கும் நாள்களில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நரம்பு மண்டலத்துக்கு இந்நோயில் பெரும் பங்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் அது செய்யும் வேலையில் பெரும்பகுதி நம் மனத்துக்கு எட்டுவதே இல்லை.

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், குழாய்ச் சுவர் விரிவதைத் துடிப்புக்குத் துடிப்பு மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. அழுத்தம் ஏறினால் முகுளம், நம் விருப்பத்தைக் கேளாமல் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளை அடக்கி, இதயத் துடிப்பைத் தணிக்கிறது. அழுத்தம் நெடுநாள் உயர்ந்தே இருந்தாலோ, அந்த உயர்ந்த அளவையே இயல்பாக ஏற்று உணரிகள் தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன. அதன்பின் எச்சரிக்கை மணியை எதிர்பார்ப்பது வீண். 170/100 இருப்பவர்கூட எவ்விதத் தொல்லையும் உணராமல் நடமாடலாம்.

இதெல்லாம் நரம்புக் கோளாறு என்றால் உப்பைக் குறைப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. சிறுநீரகத்துக்குச் செல்லும் பரிவு நரம்புகள்தாம் அழுத்தத்தை ஏற்றவைக்கும் ரெனின் என்ற பொருளைச் சுரக்கத் தூண்டி, சோடியத்தை உடலில் தங்கவைக்கின்றன. ஆகவே நரம்பையும் ஊறுகாயையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. அதேபோல், நரம்பின் தூண்டலைத் தடுக்கும் குளோனிடின், அட்டெனலால் போன்ற மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. அடங்கியிருந்த தூண்டல் ஒரேயடியாகத் திரும்பும்போது, குறிப்பாகக் குளோனிடினை நிறுத்தியவர்களுக்கு, அழுத்தம் முன்பைவிட மேலே எகிறக்கூடும்.

இதைவிட விபரீதமான தவறு அழற்சியை, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுவதால் திசுக்களில் உண்டாகும் எரிச்சலையும் வீக்கத்தையும் பற்றியது. 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், டி, பி என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளுக்கு, அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளைச் செலுத்தியபோது அழுத்தம் வழக்கமான அளவுக்கு ஏறவில்லை. டி செல்களைச் செலுத்திய பிறகு ஏறியது. நரம்பு, நோயெதிர்ப்பு, சிறுநீரகம் மூன்றும் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்ற எண்ணம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பட்டது. இதைக் கேள்விப்பட்டவர் செய்யக்கூடாத ஒன்று, அழற்சியை அடக்குவதாக நினைத்து மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக்கோ ஐபுபுரூஃபனோ வாங்கி விழுங்குவது. அழற்சி எதிர்ப்பு மருந்துகள் என்றே பெயர் பெற்ற இவை, சிறுநீரகத்தில் உப்பை வெளியேற்ற உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுத்து, உப்பையும் நீரையும் தேக்கி, அழுத்தத்தை ஏற்றுகின்றன. எனாலபிரில், டெல்மிசார்டன் போன்ற கொதிப்பு மருந்துகளின் பயனையும் குறைக்கின்றன. வலி மாத்திரை, இந்தக் கொதிப்பு மருந்து ஆகியவற்றோடு நீர் பிரிக்கும் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகமே பழுதடையக்கூடும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை போடுபவர், கொதிப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் விடுவது நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது.

அழற்சியை அடக்கினால் கொதிப்பு தானே இறங்கும் என்ற நம்பிக்கைக்கும் இன்னும் ஆதாரம் போதாது. 2017-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில், கனாகினுமாப் என்ற விலையுயர்ந்த அழற்சித் தடுப்பு ஊசி மாரடைப்பைக் குறைத்தது. இரத்த அழுத்தத்தை இறக்கவில்லை. அழற்சியைத் தணிக்கும் என்று மஞ்சள்தூள் குளிகையை நம்பி மருந்தை விடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மூலிகை என்றால் தீங்கில்லை என்பதும் அப்படித்தான். சர்ப்பகந்தி என்ற மூலிகையின் வேர் கொதிப்புக்குத் தரும் பயனை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அவ்வேரிலுள்ள ரெசர்பின் நரம்பு முனைகளில், தூண்டலைக் கடத்தும் நார் அட்ரினலின் என்ற பொருளின் இருப்பைத் தீர்த்துவிடும். அளவு மீறினால் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம்.

மூன்று வகை மருந்துகள் எடுத்தும் அடங்காத கொதிப்பில் எளிதில் தவறவிடப்படுவது குறட்டை. உறக்கத்தில் மூச்சு தடைபட்டு ஆக்சிஜன் குறையும் ஒவ்வொரு முறையும் பரிவு நரம்புகள் விழித்தெழுகின்றன. அந்த விழிப்பு பகலிலும் தொடர்கிறது. மருத்துவரிடம் போகும்போது, அதே அறையில் உறங்குபவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.